ஒன்பது பேரும் வெளியே வந்துவிட்டார்கள்

எனக்குக் கொடுத்த படிவத்தில் நான்காவது கேள்வி, "வன எல்லையிலிருந்து கடைசி வீடு எவ்வளவு தூரம்?" என்பது. மலை மாவட்டங்களுக்காக யாரோ தயாரித்த படிவம். அதையே சென்னைக்கும் அனுப்பியிருந்தார்கள். நான் டேப்பை இழுத்து அளந்து, பதினான்கு அடி என்று எழுதினேன். வனம் என்ற சொல்லை அடிக்கவில்லை.

திருவொற்றியூருக்கும் எண்ணூருக்கும் நடுவில், ஒரு கன்டெய்னர் கிடங்கின் மதிலுக்கும் எங்கள் குடியிருப்புக்கும் இடையே ஒரு நிலம் கிடக்கிறது. வேலிகாத்தான் முள்ளும் கோரையும் ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்திருக்கும். நாங்கள் முள்ளுக்காடு என்போம். சித்திரை பிறந்தால் மொத்தமும் சருகுதான். வருடத்துக்கு ஒரு தடவையாவது பற்றும். பற்றினாலும் பெரிதாக யாரும் அலட்டிக்கொண்டதில்லை. காடு எங்களுக்கு மேற்கே இருக்கிறது, கடல் கிழக்கே. பகல் பன்னிரண்டு மணி வாக்கில் கடற்காற்று திரும்பி வீசத் தொடங்கும், நெருப்பை எங்களிடமிருந்து தள்ளிக் கிடங்கு மதில் பக்கம் கொண்டுபோய் அணைத்துவிடும். அதை நம்பித்தான் நான்கு வரிசை வீடுகளும் அங்கே இருந்தன. கடற்காற்று தாமதமாகிற நாட்களும் உண்டு என்பதைத் இந்த இடத்துக்கான தீப் பாதுகாப்புத் திட்டத்தின் இரண்டாம் பக்கத்தில் நான் எழுதியிருந்தேன்.

நான் தீ மற்றும் பாதுகாப்புப் பொறியியல் படித்தவள். மணலி பக்கம் ஓர் எண்ணெய்க் கிடங்கில் இரண்டு வருடம் வேலை. பிறகு நகரத்தின் பேரிடர் தயார்நிலைத் திட்டத்தில் ஒப்பந்த வேலை கிடைத்தது. தீ வரக்கூடிய குடியிருப்புகளைப் பார்த்து, மக்களிடம் பேசி, ஒவ்வொன்றுக்கும் ஒரு திட்டம் எழுதித் தர வேண்டும். வடசென்னையில் எனக்கு ஏழு இடங்கள். அதில் ஒன்று நான் பிறந்து வளர்ந்து இன்றும் இருக்கிற இடம். "உங்க ஏரியா, ஈஸியா முடிச்சிருவீங்க" என்றார் மேலதிகாரி. ஈஸியாகத்தான் முடித்தேன்.

செய்தவை இவை. முள்ளுக்காட்டின் ஓரத்தில் முப்பது அடி அகலத்துக்கு ஜேசிபி விட்டுச் சுத்தம் செய்தோம். இரண்டு மழையில் பாதி திரும்ப முளைத்தது. சந்துச் சுவர்களில் மஞ்சள் அம்புக்குறி வரைந்தோம். வரிசைக்கு நான்கு சிவப்பு வாளிகளில் மணல் வைத்தோம். ஒரு வாளி அடுத்த வாரமே பக்கத்து வீட்டு அக்காவின் மீன் கூடைக்குப் பக்கத்தில் தண்ணீரோடு இருந்தது. மகளிர் குழுத் தலைவி அக்காவிடம் ஒரு மெகாஃபோன் கொடுத்தோம். எல்லாரும் வந்து கூட வேண்டிய இடமாக, சந்து நெடுஞ்சாலையில் முட்டுகிற முனையை, தண்ணீர் லாரி வந்து நிற்கிற இடத்தைக் குறித்தேன். கடைசியாக ஒரு பட்டியல். யாரால் துணை இல்லாமல் வெளியே வர முடியாதோ அவர்களுடைய பெயர், வீட்டு எண், அழைத்து வர வேண்டியவர். அதைப் பெரிய எழுத்தில் அச்சடித்து லாரி நிற்கிற இடத்துச் சுவரில் ஒட்ட வேண்டும். ஊரே பார்க்க வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம்.

கடைசி வரிசைக்கு முந்தின வரிசையில் எங்கள் வீடு. ஓர் அறை, மேலே ஒரு பரண். அம்மா காலை ஏழு மணிக்கெல்லாம் துப்புரவு வேலைக்குப் போய்விடுவார். நானும் போய்விடுவேன். பகல் முழுக்க வீட்டில் இருப்பவர் நைனா. அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவேன். துறைமுகத்தில் சரக்கு தூக்கும் வின்ச் ஓட்டியவர். மூன்று வருடத்துக்கு முன் பக்கவாதம் வந்து இடது கையும் இடது காலும் பாதிதான் பேச்சைக் கேட்கின்றன. வலது கையைச் சுவரில் ஊன்றி நடப்பார்.

பட்டியலை நான் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் எழுதினேன்.

"இன்னா எழுதிகினு கீற?"

"தானா வெளிய வர முடியாதவங்க லிஸ்ட், நைனா."

"எத்தினி பேரு?"

"ஒன்பது. இன்னும் ஒண்ணு போடணும்."

"போடாத" என்றார்.

"நைனா..."

"ஆர்பர்ல முப்பது வருசம் வின்ச்சு ஓட்னவன் நானு. தண்ணி லாரி நிக்கிற எடத்துல, பொம்பளைங்கல்லாம் குடத்தோட நின்னு பாக்கறப்ப, தூக்கினு போவ வேண்டிய ஆளுன்னு என் பேர ஒட்டுவியா? ஒட்டிப் பாரு. இந்த வூட்டு சோத்துல கைய வெக்க மாட்டேன்."

"பேரு போனா பரவால்ல, உயிர் போகக் கூடாதுல்ல."

"உனுக்குப் பரவால்ல."

அம்மா அரிசியைக் களைந்துகொண்டிருந்தார். திரும்பவில்லை.

"நடந்து காட்றேன். செல்லுல டைம் பாத்துக்க. அப்பால சொல்லு" என்றார் நைனா.

ஞாயிற்றுக்கிழமை காலை நடந்து காட்டினார். சலவைச் சட்டை போட்டுக்கொண்டார். வாசலிலிருந்து சந்து முனை வரை, வலது கையை ஒவ்வொரு வீட்டுச் சுவராக மாற்றி மாற்றி ஊன்றி, இடையில் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கிப் போனார். யாரோ "பெர்சு, கல்யாணத்துக்கா?" என்று கேட்டார்கள். "ஆமா, உங்கப்பனுக்கு ரெண்டாங் கல்யாணம்" என்றார். நான் பின்னாலேயே செல்போனோடு போனேன். என் கணக்கில், மேற்குக் காற்று இருக்கிற நாளில் முள்ளுக்காட்டின் ஓரத்தில் தீ தெரிந்தால், எங்கள் வரிசைக்குப் புகை இறங்க ஏழு நிமிடம். நைனா முனைக்கு வந்து சேர்ந்தபோது செல்போனில் பதினோரு நிமிடம் சில நொடி காட்டியது.

"எவ்ளோ?" என்றார்.

"பரவால்ல நைனா" என்றேன்.

படிவத்தில் எங்கள் வீட்டு வரிசைக்கு எதிரே "குடும்பப் பொறுப்பு" என்று எழுதினேன். அப்படி ஒரு கட்டம் படிவத்தில் இல்லை. பட்டியல் ஒன்பது பேரோடு அச்சுக்குப் போனது.

ஒத்திகை ஒரு புதன்கிழமை. தண்ணீர் லாரி எங்களுக்குப் பகல் ஒரு மணி சுமாருக்கு வரும். ஞாயிறு தவிர மற்ற நாட்களில் காலையிலிருந்தே குடங்களைக் கொண்டுவந்து சந்து முனையிலிருந்து பின்னோக்கி ஒரு பக்கச் சுவரை ஒட்டி வரிசையாக வைத்துவிடுவார்கள். காற்றில் உருளாமலிருக்கக் குடக் கழுத்துகளில் நைலான் கயிறு கோத்திருக்கும். ஆள் நிற்கத் தேவையில்லை, குடம் நின்றால் போதும். தனக்கு முன்னால் எந்த வீடு, பின்னால் எந்த வீடு என்பது எல்லாருக்கும் மனப்பாடம். எங்கள் குடங்களுக்கு அடுத்தது பக்கத்து வீட்டு அக்காவின் குடங்கள். அம்மா வேலைக்குப் போய்விடுவதால் எங்களுக்கும் சேர்த்து அவரே பிடித்து வைப்பார்.

அன்று தீயணைப்பு வண்டி முனையில் வந்து நின்றதும் மொத்தப் பெண்களும் குடத்தோடு ஓடி வந்தார்கள்.

"இன்னாடி, இன்னிக்கு செவப்பு லாரி அனுப்பிக்கிறானுங்க?"

"யம்மா, இது தீயணைப்பு வண்டி. குடத்தை எடுங்க!" என்று வீரர் ஒருவர் கத்தினார்.

"தீ எங்க கீது?" என்றார் பக்கத்து வீட்டு அக்கா.

"தீ இல்லம்மா. ஒத்திகை."

"தீயே இல்லன்னா தண்ணி மீதிதான? ஊத்திட்டுப் போ அண்ணாத்த. புண்ணியமாப் போவும்."

மேலதிகாரிக்கு முகம் சிவந்துவிட்டது. வண்டிக்கு வழி வேண்டும் என்று சந்தின் குடங்களையெல்லாம் கயிற்றோடு எடுத்து வீட்டுக்குள் வைக்கச் சொன்னார்கள். சந்து காலியானது. பிறகு ஒத்திகை நன்றாக நடந்தது. கூடுமிடத்தில் எப்படி நிற்பது என்று கேட்டபோது, தண்ணீர் வரிசைப்படியே நில்லுங்கள் என்றேன். எண்ணுவதற்கு எளிது.

ஒரே ஒரு விதியை மெகாஃபோனில் மூன்று முறை சொன்னேன். பட்டியலில் இருப்பவர்களைத் தேடி நீங்கள் போகக் கூடாது. கேஸை மூடு, பிள்ளையைத் தூக்கு, வெளியே வா. அவர்களை அழைத்துவர ஆள் இருக்கிறது. குறுகிய சந்தில் ஆளாளுக்குத் திரும்பி ஓடினால் எல்லாரும் மாட்டிக்கொள்வோம். இது பாடப்புத்தக விதி. சரியான விதி. நான் சொல்லிக்கொண்டிருந்தபோது நைனா கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்தார்.

"உங்க நைனா?" என்று குழுத் தலைவி அக்கா மெதுவாகக் கேட்டார்.

"அவரை நான் பாத்துக்கறேன்க்கா."

பட்டியல் சுவரில் ஏறியது. பட்டியலை யாரும் ஒவ்வொரு பெயராகப் படிப்பதில்லை. ஒட்டியிருக்கிறது என்பதை மட்டும் பார்ப்பார்கள்.

வைகாசியில், ஒரு வியாழக்கிழமை, நான் வியாசர்பாடியில் ஹவுசிங் போர்டு குடியிருப்பின் கீழ்த்தளத்தில் கேஸ் சிலிண்டர் பயிற்சி நடத்திக்கொண்டிருந்தேன். முப்பது பெண்கள் இருப்பார்கள். பன்னிரண்டரை தாண்டியிருக்கும். குழுத் தலைவி அக்கா கூப்பிட்டார்.

"முள்ளுக்காடு பத்திக்கிச்சு இன்ஜினியரே. இந்தப் பக்கம்தான் வருது. எல்லாம் முனைக்கு வந்துட்டோம். உன் லிஸ்ட்டு ஒம்போதும் வந்தாச்சு, டிக் அடிச்சிட்டேன்."

"எத்தனை நிமிஷம் ஆச்சு?"

"இன்னா?"

"வெளிய வர எத்தனை நிமிஷம்?"

"அஞ்சோ ஆறோ. நல்லாத்தான் பண்ணோம்."

"சரிக்கா" என்றேன். வைத்துவிட்டேன். மேலதிகாரிக்குச் செய்தி அனுப்பினேன்: 9/9, 12.40. எதிர் பிளாக்கின் மாடியில் காய்ந்துகொண்டிருந்த துணிகளைப் பார்த்தேன். எல்லாம் கிழக்குப் பக்கம் பறந்துகொண்டிருந்தன. கடற்காற்று இன்னும் வரவில்லை.

நைனா அந்த ஒன்பதில் இல்லை என்பது அந்த நிமிடத்தில் எனக்குத் தெரியும். உலகத்திலேயே எனக்கு மட்டும்தான் சரியாகத் தெரியும். "அடுத்தது ரெகுலேட்டர்" என்று சொல்லி ரெகுலேட்டரைக் கழற்றி மாட்டிக் காட்டினேன். ஒரு பெண், இன்னொரு தடவை காட்டுங்க என்றார். இன்னொரு தடவை காட்டினேன். பிறகு ஓரமாகப் போய் நைனாவின் செல்லுக்குப் போட்டேன். அடித்து நின்றது. குழுத் தலைவி அக்காவுக்குப் போட்டேன், பிஸி. திரும்பவும் நைனாவுக்கு. திரும்பவும் அக்காவுக்கு. அந்த வரிசையில் ஏழு அழைப்புகள் போனில் பதிவாகியிருந்தன. பயந்தேனா என்று கேட்டால் தெரியவில்லை. கை வழக்கம் போல இருந்தது.

எட்டாவது நான் கூப்பிடவில்லை, வந்தது. பக்கத்து வீட்டு அக்கா.

"உங்க நைனாவ இட்டாந்துட்டோம். மூச்சு கீது. மீன்பாடி வண்டில வெச்சு ஆஸ்பத்திரி போய்கினு கீறோம். நீ நேரா அங்க வந்துரு."

சந்தில் நடந்ததைப் பிறகு அந்த அக்காவிடமே கேட்டுத் தெரிந்துகொண்டேன். புகை வந்ததும் அவர் கேஸை மூடினார், மகளைத் தூக்கினார், ஓடினார். எங்கள் வீட்டு வாசலைத் தாண்டித்தான் ஓடினார். கதவு திறந்திருந்தது, உள்ளே நைனா கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தது கண்ணில் பட்டது. நிற்கவில்லை.

"நீதான சொன்ன, தேடிப் போவாத, ஆளு வரும்னு. பெத்த பொண்ணு எழுதுன லிஸ்ட்டு, அதுல அப்பன் இல்லாமயா பூடுவான்னு வந்துட்டேன்."

முனையில் எல்லாரும் தண்ணீர் வரிசைப்படி நின்றார்கள். குழுத் தலைவி அக்கா பட்டியலை வைத்து எண்ணினார். ஒன்பது. சரியாக இருந்தது. பக்கத்து வீட்டு அக்கா தனக்கு முன்னால் பார்த்தார்.

"எனுக்கு முன்னாடி உங்க வூடு. அந்த எடத்துல வெயிலு வுழுந்துகினு கீது. ஆளே இல்ல. பெர்சு எங்கடின்னு தலைவியக் கேட்டேன். லிஸ்ட்டுல இல்லியேன்றா. இன்னாது இல்லியான்னேன். இன்ஜினியரு பாத்துக்கறேன்னுச்சின்றா. அது எங்க கீதுன்னேன். வியாசர்பாடிலன்றா."

அவரும் குழுத் தலைவி அக்காவும் ஈரச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு உள்ளே போனார்கள். நைனா எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது வாசலில் தரையில் உட்கார்ந்திருந்தார். அவர் கை ஊன்றி நடக்கிற வலது பக்கச் சுவரை ஒட்டித்தான் குடங்கள் வரிசையாக இருந்தன. வியாழக்கிழமை. லாரி வருகிற நாள். சுவருக்கும் அவருக்கும் நடுவில் குடம். ஒரு குடத்தைக் காலால் தள்ளப் போக, கயிற்றில் கோத்த மற்றக் குடங்களும் சேர்ந்து வந்து காலில் சுற்றியிருக்கின்றன. விழுந்ததும் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டிருக்கிறார். யாரையும் கூப்பிட்ட சத்தம் கேட்கவில்லை என்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமை நான் அளந்த பதினோரு நிமிடம் காலிச் சந்தில் அளந்தது. ஒத்திகையும் காலிச் சந்தில் நடந்தது. அந்தச் சந்தில் இருபத்தாறு வருடம் இருக்கிறேன். குடங்கள் எங்கே நிற்கும் என்று எனக்குத் தெரியாதா?

ஆஸ்பத்திரியில் முகமூடி வழியாக ஆக்சிஜன் போய்க்கொண்டிருந்தது. அம்மா துப்புரவு வேலைக்கான நீலச் சட்டையோடு நேராக வந்தார்.

"நீ எங்க இருந்த?"

"வியாசர்பாடி."

"சரி" என்றார். ஸ்டூலை இழுத்துப் போட்டு நைனாவின் காலடியில் உட்கார்ந்தார். அதற்குப் பிறகு அதைப் பற்றி அவர் என்னிடம் எதுவும் கேட்டதில்லை.

கடைசி வரிசையில் ஆறு வீடுகளின் கூரை போனது. எங்கள் வீட்டுப் பின்சுவர் கறுத்தது. ஒன்றரை மணிக்குக் கடற்காற்று வந்தது. கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டிருந்த தீயணைப்பு வண்டிகள் அதற்குச் சற்று முன்னால்தான் வந்து சேர்ந்தன. நான் அறிக்கை எழுதினேன். உயிரிழப்பு இல்லை. பட்டியலில் இருந்த ஒன்பது பேரும் ஆறு நிமிடத்துக்குள் வெளியேற்றப்பட்டனர். பட்டியலில் இல்லாத ஒருவர் புகையால் பாதிக்கப்பட்டு மருத்துவமனையில். மூன்று வாக்கியமும் உண்மை.

மேலதிகாரி கடைசி வாக்கியத்தில் பேனாவை வைத்தார். "இது எப்படி?"

"லிஸ்ட்ல சேர்க்கலை சார்."

"யார் சேர்க்கலை?"

"நான்தான். எங்க அப்பா."

"கணக்கெடுப்பில் விடுபட்டதுன்னு போடுங்க, போதும்" என்றார். "மத்தபடி ஒன்பதுக்கு ஒன்பது. நல்ல வேலை."

விடுபட்டது என்று போடவில்லை. "கணக்கெடுத்தவர் சேர்க்கவில்லை" என்று மாற்றினேன். அவர் அதைப் படித்தாரா என்று தெரியாது. கையெழுத்து வந்தது.

நைனா பதினாறு நாள் கழித்து வீட்டுக்கு வந்தார். இப்போது மூன்று சொல்லுக்கு ஒரு முறை மூச்சு வாங்குகிறார். சுவரைப் பிடித்துக் கழிப்பறை வரை போவார், அவ்வளவுதான். என்னோடு பேசாமல் இல்லை. டீ கேட்பார், ஃபேனைக் குறைக்கச் சொல்வார்.

ஆடியில் எல்லா இடங்களிலும் திட்டத்தைத் திருத்தி எழுதச் சொன்னார்கள். மற்ற ஆறு இடங்களை முடித்துவிட்டுக் கடைசியாக எங்கள் சந்துக்கு வந்தேன். இடது பக்கச் சுவருக்குக் குடங்களை மாற்ற ஒரு கூட்டம் போட்டேன். "அந்தப் பக்கம் கால்வா கீது, குடம் நிக்காது" என்றார்கள். இடது பக்கம் பலகை போட்டுத் தருவதாக எழுதிக்கொண்டேன். பிறகு வீட்டுக்கு வந்து, மற்ற வீடுகளில் உட்காருவது போலவே கட்டிலுக்கு எதிரே உட்கார்ந்து படிவத்தைப் பிரித்தேன்.

"துணையில்லாமல் வெளியே வர முடியுமா?" என்று படித்தேன்.

அவர் பரணைப் பார்த்துக்கொண்டிருந்தார். "முடியாதுன்னு போடு."

"வெளியேற எடுத்த நேரம்?"

"நீதான பாத்த. செல்லுல."

"பதினோரு நிமிஷம், நைனா."

மூச்சு வாங்கினார். "அன்னிக்கு சொல்லலியே."

"சொல்லல."

"ஊருக்கெல்லாம் ஏழுன்னு... சொல்லிகினு இருந்த."

"ஆமா."

"சொல்லிருந்தா... நானே போடுன்னு... சொல்லிருப்பேனோ இன்னாவோ." பிறகு, "சொல்லிருக்க மாட்டேன்" என்றார்.

அடுத்த கட்டம், அழைத்துவரும் பொறுப்பு யாருக்கு என்பது. என் பெயரின் முதல் எழுத்தை எழுதிவிட்டேன். அவர் வலது கையைத் தூக்கினார்.

"நீ வேணாம். பக்கத்து வூட்டுப் பொண்ணு பேரப் போடு. அதுதான் பகல்ல வூட்ல கீது."

எழுதியதை ஒரு கோடு போட்டு அடித்தேன். பக்கத்து வீட்டு எண்ணை எழுதினேன்.

அச்சடித்துக் கொண்டுவந்த அன்று பசையும் தூரிகையுமாக முனைக்குப் போனேன். லாரி வரவில்லை, குடங்கள் வந்திருந்தன. பக்கத்து வீட்டு அக்கா மீன் கழுவிய கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து சுவரை மறைத்து நின்றார்.

"ஒட்றதுக்கு முன்னாடி படி."

"எல்லாம் சரியாத்தான்க்கா இருக்கு."

"போன வாட்டியும் சரியாத்தான் இருந்திச்சு. சத்தமாப் படி."

படித்தேன். பெயர், வீட்டு எண், பெயர், வீட்டு எண். அவர் ஒவ்வொன்றுக்கும் ஒரு விரலை மடக்கினார். கடைசி விரலுக்கு நைனாவின் பெயர் வந்தது. அதையும் மற்றவற்றைப் படித்த அதே குரலில்தான் படித்தேன்.

"பத்து" என்றார். "ஒட்டு."